சிக்கனமாய் ஒரு சமுத்திரப் பிரயாணம்

தனியே கடல் கடக்க விரும்பும் மலையகத்தாருக்குச் சில யோசனைகள்

மலையகத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது தூரத்து உறவினரைப் போன்றது. பெயரை நாள்தோறும் கேட்டிருப்பர். நேரிற் கண்டு பழகியவர் சிலரே. ஹட்டன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. பனிமூட்டத்துக்கும் தேயிலைச் சரிவுக்கும் பழகிய கண்ணுக்கு அலைகடல் அச்சத்தையும் ஆசையையும் ஒருங்கே தருவது இயல்பு. ஆயினும், நம்மில் எவருடைய குடும்பக் கதையை எடுத்துக்கொண்டாலும், அதன் முதல் ஏட்டிலே ஒரு கப்பலோ தோணியோ நிற்கத்தான் செய்கிறது.

அத்தகைய கப்பலொன்று சில ஆண்டுகளாக மீண்டும் நம்மவர் பேச்சிலே அடிபடுகிறது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆந் திகதி ‘செரியபாணி’ என்னும் கப்பல் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 16ஆந் திகதி முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் தனியார் நிறுவனமொன்றின் பொறுப்பில் அதே வழியில் ஓடலாயிற்று. இரண்டும் ஏறத்தாழ 150 பேர் அமரக்கூடிய விரைவுக் கப்பல்கள். கடல்வழித் தூரம் சுமார் 110 கிலோமீட்டர். பிரயாண நேரம் நான்கு மணி அளவு. “நான் தனியாகப் போய்வர முடியுமா? கையிருப்புக்குள் அடங்குமா?” என்று படித்த பிள்ளைகளும், ஓய்வுபெற்ற முதியோரும், முன்பின் கப்பலேறியறியாத பெண்மணிகளும் கேட்கிறார்கள். முடியும் என்பதுதான் விடை. ஆனால், கப்பற் சீட்டின் விலையை மட்டும் பார்த்துவிட்டு மூட்டை கட்டுகிறவருக்கு அது முடியாமற் போகவும் கூடும்.

கப்பல் என்றதும் பலருடைய மனக்கண்ணில் வேறொரு காட்சி எழுகிறது: மாடி மேல் மாடி, நீச்சற் குளம், ஆடல் பாடல், அறுசுவை விருந்து. அது உல்லாசக் கப்பல். அப்படியொன்றும் நம் கரைக்கு வந்ததுண்டு. ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து சென்றது. 1990ஆம் ஆண்டிலே சேவைக்கு வந்து, வேறு பெயர்களில் உலகக் கடல்களைச் சுற்றி வந்த கப்பல் அது. தனிவழிப் பிரயாணி இத்தகைய கப்பலை நாடுமுன் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அங்கே விலை பேசப்படுவது அறைக்கு. விளம்பரத்தில் காண்பதோ ஓரறையில் இருவர் தங்கினால் ஆளொன்றுக்கு ஆகும் தொகை. ஒருவரே தங்கினால் காலியாயிருக்கும் மற்றப் படுக்கைக்கும் அவரே பணங்கொடுக்க நேரும். சில வேளை முழுமையாக இரு பங்கும். அன்றியும் துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு, பானங்கள், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு என்று ஒவ்வொன்றாய் வந்து சேரும். விளம்பரத்தின் பெரிய எழுத்துக்களை விடச் சிறிய எழுத்துக்களே அங்கே கவனித்துப் படிக்கத் தக்கவை.

நாகப்பட்டினத்துக் கப்பலில் அத்தொல்லை இல்லை. அங்கே அறை கிடையாது, ஆசனமே உண்டு. ஓராசனத்துக்கு ஒரு சீட்டு. தனியே போகிறவன் தண்டம் கட்ட வேண்டியதில்லை. ஏழைக்குத் தனிமை குற்றமாகாத கப்பல் அது என்று சொல்லலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2023இல் ஒருவழிக் கட்டணம் வரி உட்பட 7,670 இந்திய ரூபாயாக இருந்தது. 2024இல் சாதாரண ஆசனத்துக்கு அது ஐயாயிரம் அளவுக்கு இறங்கிற்று. கட்டணம் பிறகும் மாறக்கூடியதே. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்க்க இந்த ஐயாயிரம் போதும். ஓர் இந்திய ரூபாய் மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 17,500 ரூபாய் ஆகிறது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, கடலைக் கடந்து அக்கரையிற் கால் வைப்பதற்கு மட்டும் பதின்மூன்று நாட் கொழுந்து பறிக்க வேண்டும். பிடிப்பனவு போகக் கைக்கு வருவதைப் பார்த்தால் இன்னும் கூடுதலான நாள். திரும்பி வருவதற்கும் அதே அளவு. இதனை எழுதுவது எவரையும் தடுப்பதற்கன்று. பட்டணத்திலிருந்து வேடிக்கை பார்க்கப் போகிறவர் இருநூறு முந்நூறு ரூபாயை வீணாக்கினால் மறந்துவிடுவார்; லயத்திலிருந்து போகிறவருடைய ரூபாய் ஒவ்வொன்றும் மலைச்சரிவில் ஏறி இறங்கி வந்தது. ஆகையால் அவருக்குச் சொல்லும் யோசனை இன்னும் நுணுக்கமாய் இருத்தல் வேண்டும்.

அந்த நுணுக்கம் துறைமுகத்தில் தொடங்குவதில்லை, வீட்டுப் பெட்டிக்குள்ளிருக்கும் காகிதங்களில் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். நம்மிடையே இது சிறிய காரியமன்று. தமிழில் ஒருவர் சொன்ன பெயரைச் சிங்களத்தில் ஒருவர் எழுதி, ஆங்கிலத்தில் மற்றொருவர் பெயர்த்ததனால், இராமாயி ஒரு தாளில் ரமாயாகவும் வேறொரு தாளில் ராமையாவாகவும் ஆகிவிடுகிற அவலம் மலையகத்துக்குப் புதியதன்று. தகப்பனார் பெயர் முன்னே வருவதும் பின்னே போவதும் இன்னொரு சிக்கல். கடவுச்சீட்டிலுள்ள எழுத்து எதுவோ, அதே எழுத்தில் விசாவும் கப்பற் சீட்டும் அமைதல் அவசியம். பிறப்புச் சான்றிதழிலே பிழையிருந்தால் அதனைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்தை அணுக வேண்டும்; அதற்குப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். சீட்டு வாங்கிய பின் இதனைத் தொடங்குவது, மழை பெய்யத் தொடங்கிய பின் கூரை வேய்வது போலாகும்.

விலாசமும் அத்தகையதே. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு தனி விலாசம் இல்லாத குறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் வந்து தங்குகின்றன. விண்ணப்பப் பத்திரங்களில் ஒரு முறை தோட்டத்தின் பெயரும், மறுமுறை பிரிவின் பெயரும், பிறிதொரு முறை தபாற்கந்தோரின் பெயருமாக எழுதினால், அதிகாரி ஐயுறுவது தவறன்று. ஒரு விலாசத்தைத் தீர்மானித்து, எல்லாப் பத்திரங்களிலும் எழுத்துப் பிசகாமல் அதனையே எழுதுக. அஞ்சலில் வரவேண்டியது எதுவாயினும் அலுவலகத்திலே முன்கூட்டிச் சொல்லி வைப்பது நலம்.

கடவுச்சீட்டுக்கு மலையகத்தார் கொழும்புவரை போகவேண்டியதில்லை. குடிவரவுத் திணைக்களத்தின் கிளைக் காரியாலயம் கண்டியிலே உண்டு. இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயமும் கண்டியிலேயே இருப்பதால், இரண்டு காரியத்தையும் ஒரே ஊரில் விசாரித்துக்கொள்ளலாம். விசாவைப் பற்றி விசாரிக்கும்போது, “கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “இந்த விசாவைக் கொண்டு நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக உட்செல்ல முடியுமா?” என்றும் கேட்டறிக. இணையத்தின் மூலம் பெறும் விசாக்கள் எல்லாத் துறைகளிலும் செல்லுபடியாவதில்லை. கப்பற் கம்பெனியாரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, இரண்டு விடையும் ஒத்திருந்த பின்னரே பணங்கட்டுக. வீசா நாட்களைக் குறிக்கும்போது, திரும்பி வர எண்ணிய நாளுக்கு மேலும் ஒரு வாரமாவது மிச்சமிருக்கும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஏன் என்பது பின்னால் விளங்கும்.

துறைமுகத்தை அடைவது அடுத்த காரியம். ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்கு நிலவழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கடலைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! செலவும் களைப்பும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புகையிரதம், நம் பாட்டிமார் ‘கோச்சி’ என்றழைத்த அதே வண்டி. பதுளைப் பாதையில் வரும் வண்டியிலிருந்து பொல்காவலையில் இறங்கினால், வடபகுதிக்குச் செல்லும் வண்டியை அங்கே பிடிக்கலாம். கொழும்புக் கோட்டைவரை போய்த் திரும்பி அலைய வேண்டியதில்லை. வடபகுதி வண்டி யாழ்ப்பாணத்தையும் தாண்டிக் காங்கேசன்துறைவரை செல்கிறது. ஆனால், 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ‘டிட்வா’ சூறாவளியினால் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் வீதிகளும் பெருஞ் சேதமுற்றன. ஆதலால், வண்டி எதுவரை ஓடுகிறது என்பதை ஹட்டன் நிலையத்திலே கேட்டுத் தெரிந்துகொண்டபின் திட்டம் போடுதல் வேண்டும்.

மற்றது பஸ் வழி. கண்டிக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணத்து பஸ்ஸில் ஏறிக்கொள்வது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம்வரை செல்லும் இந்த நெடுஞ்சாலையின் நீளம் 321 கிலோமீட்டர். மாத்தளை, தம்புள்ளை என்று ஊர்கள் வரும்போது ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் சற்று விழித்திருப்பது நல்லது. மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காடுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த பாதை இந்தப் பக்கத்ததே. எத்தனையோ பேர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தார்கள். அவர்கள் வரத் தொடங்கி 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அவர்கள் தெற்கு நோக்கிப் பல நாள் நடந்த வழியை, பேரப்பிள்ளை வடக்கு நோக்கிச் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறான்.

எந்த வழியிற் சென்றாலும், கப்பல் புறப்படும் நாளன்றே யாழ்ப்பாணத்தை அடையுமாறு திட்டமிடுதல் கூடாது. மண்சரிவோ, வண்டித் தாமதமோ, பஸ் பழுதோ குறுக்கிடலாம். ஓரிரவு யாழ்ப்பாணத்தில் தங்கும் செலவையும் பட்டியலில் எழுதிக்கொள்க. உறவோ நட்போ இருந்தால் பாக்கியம். இல்லையெனில் நிலையத்துக்கு அருகில் எளிய விடுதி பார்த்துக்கொள்ளலாம்.

இனி, புதிய கப்பல் என்பதன் பொருளைச் சற்று ஆராய்வோம். இந்தக் கடலிடுக்கிலே கப்பல்கள் தொடங்குவதும் நிற்பதும் புதுமையன்று. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறும் ‘போட் மெயில்’ பிரயாணம் பிரசித்தமாயிற்று. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் ஓடிற்று. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதுவும் நின்றது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்து, 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பெருங்கப்பல் வந்தது. ஆயிரம் பேர் போகக்கூடிய கப்பல். அவ்வளவு பேர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. ‘செரியபாணி’ தொடங்கிய அதே மாதத்தில் பருவமழையை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. ‘சிவகங்கை’யும் 2024 நவம்பரில் நின்று, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 22இல் மறுபடி தொடங்கிற்று.

இவற்றில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பாக்கு நீரிணை ஆழமற்றது. வடகீழ்ப் பருவக்காற்றில் சிறு கப்பலை அதில் ஓட்டுவது அறிவுடைமையாகாது. ஆனால், பிரயாணி இதனைத் தன் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி முதல் தைவரை இக்கப்பலை நம்பித் திட்டம் போட வேண்டா. தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும் கடல் குமுறும் நாட்கள் உண்டு. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே கடல் பெரும்பாலும் அமைதியாயிருக்கும் காலம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பள்ளி விடுமுறையும் வருவதால் மாணவருக்கும் ஆசிரியருக்கும் அதுவே ஏற்றது. வெயில் கடுமையாயிருக்கும் என்பது மெய். கம்பளிச் சட்டையோடு இறங்குகிற நுவரெலியாக்காரருக்கு நாகப்பட்டினம் அடுப்பங்கரை போலத் தோன்றும்.

சீட்டு வாங்கும்போது கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமற் கேளுங்கள். கப்பல் புறப்படாவிட்டால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும், அல்லது வேறொரு நாளைக்கு மாற்றித் தருவார்களா? எவ்வளவு சாமான் இலவசம், மேற்கொண்டு கிலோவுக்கு என்ன கட்டணம்? போகவரச் சேர்த்து வாங்கினால் சலுகை உண்டா? ஒரு நாளின் அறிவிப்பை எங்கே தெரிந்துகொள்வது? விடைகளை எழுத்திலோ கைபேசிச் செய்தியிலோ பெற்றுப் பத்திரப்படுத்துக. இடைத்தரகர் மூலமாக வாங்குவதைவிடக் கம்பெனியாரிடமே வாங்குவது மேல். இடையில் ஒரு கை குறைந்தால் தரகுப் பணமும் குறையும், குழப்பமும் குறையும்.

ஆகாய விமானத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பலாலி விமான நிலையம் காங்கேசன்துறைக்கு மிக அருகில் உள்ளது. அங்கிருந்து சென்னைக்கு மட்டுமன்றி, 2025ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் தொடங்கிற்று. திருச்சியைச் சுற்றிய ஊர்களுக்குப் போகிறவர், கப்பற் கட்டணத்தோடு நாகையிலிருந்து திருச்சிக்கு ஆகும் வண்டிச் சத்தத்தையும் ஓரிரவு விடுதிச் செலவையும் கூட்டிப் பார்த்தால், சில நாட்களில் இரண்டும் நெருங்கி வரக் காண்பார். கப்பல் எந்நாளும் மலிவு என்ற எண்ணம் சரியன்று. விமானச் சீட்டின் அன்றைய விலை அளவான ஒரு தொகையைத் தொடாத பணமாகத் தனியே முடிந்து வைத்துக்கொள்வதுதான் தனிப் பிரயாணியின் உண்மையான துணை. கப்பல் நின்றுவிட்டாலும் அவர் அக்கரையிலே தவிக்க மாட்டார். மிச்ச நாட்கள் உள்ள விசா எதற்கென்று சொன்னோமே, அதுவும் இந்நாளுக்காகத்தான். இந்தத் தொகையைச் சேர்க்க இயலாதவர் பிரயாணத்தை ஆறு மாதம் தள்ளிப்போடுவதே உசிதம் என்பது எம் அபிப்பிராயம்.

கப்பலினுள் நான்கு மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடற்காற்றை வாங்கிக்கொண்டு மேல்தட்டில் உலாவலாம் என்ற கற்பனை வேண்டா; பஸ்ஸைப் போல வரிசை வரிசையாக ஆசனங்கள், அவ்வளவே. குமட்டலுக்கு அஞ்சுகிறவர் கப்பலின் நடுப்பகுதியில் இடம் கேட்டு வாங்குக. அங்கே ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்து இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொள்க. வைத்தியரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்பவர் கப்பல் புறப்படுமுன்னரே விழுங்க வேண்டும்; தலை சுற்றத் தொடங்கிய பின் அது பயன் தராது. புத்தகத்தையும் கைபேசியையும் மூடி வைத்துவிட்டுத் தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்திருப்பது நல்லது. அது காசில்லாத மருந்து.

நாகையிலிருந்து காலையில் வந்து பிற்பகலில் இங்கிருந்து திரும்புவதே இதுவரை பெரும்பாலும் இருந்துவந்த முறை. ஆகவே அக்கரையில் இறங்கும்போது மாலையாகிவிடும். குடிவரவு, சுங்கம் முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடவும் கூடும். தனியே செல்லும் பெண்கள் அன்றிரவு நாகையிலோ வேளாங்கண்ணியிலோ தங்கிக் காலையில் புறப்படுவதே தகும். இறங்குமிடத்தில், தங்கப்போகும் விலாசத்தை முழுமையாக எழுதித் தரவேண்டியிருக்கும். ‘திருச்சிப் பக்கம்’ என்று எழுதினால் ஆகாது. கதவிலக்கம், தெரு, ஊர், தபாற் குறியீட்டெண், தொலைபேசி எண் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

விடுதியைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. இந்தியாவில் வெளிநாட்டார் தங்கினால் அவர் விபரத்தை அதிகாரிகளுக்கு அறிவிக்க விடுதிக்காரர் கடமைப்பட்டவர். அதற்கான ஏற்பாடில்லாத சிறு விடுதிகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் இடமில்லை என்று சொல்லிவிடும். நாம் பேசுவதும் தமிழ், அவர் பேசுவதும் தமிழ். ஆயினும் சட்டப்படி நாம் அந்நியர். இதனால் மனம் நோக வேண்டா. புறப்படுமுன்னரே தொலைபேசியில், “இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அறை தருவீர்களா?” என்று கேட்டு உறுதி செய்துகொள்க. நாகையிலிருந்து வேளாங்கண்ணி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். யாத்திரிகருக்கான எளிய தங்குமிடங்கள் அங்கே மிகுதி. ஆனால் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை மாதாவின் திருவிழா. அந்நாட்களில் திண்ணையும் கிடைப்பது அரிது. நாகூர் தர்காவில் கந்தூரி நடக்கும் நாட்களிலும் அப்படியே.

பணத்தைப் பொறுத்தவரை, இலங்கை ரூபாயை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். கடவுச்சீட்டையும் பிரயாணச் சீட்டையும் காட்டி, இங்கே வங்கியிலேயே அமெரிக்க டொலர் வாங்கிப் பற்றுச்சீட்டோடு கொண்டுசெல்வது நேர்மையான வழியும் பாதுகாப்பான வழியுமாகும். பாதியைப் பையிலும் பாதியை உடலோடும் வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்றும் பழுதில்லை. நாகையிலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயிலுண்டு. முன்பதிவில்லாத சாதாரண வகுப்பில் சென்றால் அப்பிரயாணத்தின் செலவு மிகச் சொற்பம். கடலில் கொடுத்த பெரும் பணத்துக்கு ஈடாக நிலத்திலே மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான்.

கடைசியாக, பலரும் இக்கப்பலை விரும்புவதற்கான காரணத்தையும் தொட வேண்டும். கோயில் பார்க்கவும் துணிமணி வாங்கவும் போகிறவர் இருக்கட்டும். “எங்கள் ஊர் எது என்று பார்க்க வேண்டும்” என்று புறப்படுகிறவர்களும் உளர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி இரு நாட்டுப் பிரதமரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். மீந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஹட்டன் நிலையத்து மேடையிலே அழுது விடைகொடுத்தவர்களின் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி கண்டுவிட்டனர்.

அவ்வாறு ஊர்தேடிச் செல்பவர் பழைய தாள்களின் பிரதிகளை உடன்கொண்டு செல்க: பாட்டனாரின் பழைய கடவுச்சீட்டு, துண்டுச்சீட்டு, பெயர்ப் பதிவுகள், அக்கரையிலிருந்து வந்த கடிதத்தின் உறை. உறையின் மேலுள்ள தபால் முத்திரை, கடிதத்தைவிட அதிகம் பேசும். ஆனால் அந்தத் தாளிலுள்ள மாவட்டத்தை இன்றைய படத்திலே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அக்காலத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து கரூர், பெரம்பலூர், அரியலூர் முதலியன பிரிந்துவிட்டன. புதுக்கோட்டை முன்பு தனி சமஸ்தானம்; 1974இல் மாவட்டமாயிற்று. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. பழைய இராமநாதபுரம் 1985இல் மூன்றாகி, அதில் ஒன்று சிவகங்கையாயிற்று. கப்பலின் பெயரும் அதுவாக அமைந்தது நம்மவரில் ஒரு சாராருக்கு நல்ல சகுனமாகத் தோன்றலாம். ஆகையால் மாவட்டத்தை விட்டுத் தாலுகாவையும், கிராமத்தையும், குலதெய்வத்தின் பெயரையும் பிடித்துக்கொண்டு தேடுக. ஊர்ப் பெயர் மறந்த குடும்பங்களிலும் குலதெய்வத்தின் பெயர் மறக்கப்படுவதில்லை. வீட்டிலுள்ள முதியவரிடம் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையைப் பிரயாணத்துக்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிடலாம். அதற்குக் கட்டணமில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடத்தான் கூடாது.

உறவினரைக் கண்டுபிடித்தால், அவருக்குக் கொடுக்க நல்ல தேயிலை இரண்டு பொட்டலம் போதும். பாரம் குறைவு, அக்கரையில் அதற்கு மதிப்பும் உண்டு. திரும்பும்போது முறுக்கும் சேலையுமாகச் சுமை பெருகும் என்பதை எண்ணி, போகும்போது பையிலே பாதி இடம் காலியாக இருக்கட்டும். திரும்பும் கப்பலுக்கு முதல் நாள் மாலையே நாகையை அடைந்து, மறுநாள் கப்பல் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே, முடிந்து வைத்த அந்தப் பணத்தில் கை வைக்கலாம்.